வர்ஜீனியாவின் டென்னிஸ் களமும் நம் நகர் கோர்ட்டும்

(ஜனவரி 26 அன்று நம் நகரில் நடந்த குடியரசு தின விழாவில், சங்கத்தின் முன்னாள் பொருளாளரும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியருமான உறுப்பினர் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



கொடி ஏற்றியாகிவிட்டது. மிட்டாய் கொடுத்தாகிவிட்டது. குழந்தைகளின் பாட்டும் முடிந்துவிட்டது. இனி என் பேச்சுதான் பாக்கி. செயலாளர் இருபது நிமிடம் என்றார். வங்கிக் கவுண்டரில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்தவன் நான். எதிரே நிற்பவர் இன்னும் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதனால் கவலைப்படாமல் உட்காருங்கள்.

இன்று ஒரு பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சார்லட்ஸ்வில் என்ற ஊரில் உள்ள வர்ஜீனியா பல்கலைக்கழகம். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. சம்பந்தம் உண்டு. கடைசியில் அது நம் சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மூன்று கிரவுண்டு நிலத்தில் வந்து நிற்கும்.

முதலில் எனக்கு இந்த ஆர்வம் வந்த கதை. நான் டென்னிஸ் ஆடியவன் இல்லை. வங்கியின் மனமகிழ் மன்றத்தில் கேரம் ஆடியதோடு சரி. 2009 ஜனவரியில் சென்னை ஓப்பன் போட்டிக்கு அலுவலக நண்பர் ஒருவர் இரண்டு டிக்கெட் வைத்திருந்தார். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் போனோம். அன்று ஆடியவர் சோம்தேவ் தேவ்வர்மன். குவஹாட்டியில் பிறந்து, நம் சென்னையில் வளர்ந்து, இங்கேயே டென்னிஸ் கற்றுக்கொண்ட பையன். எதிரே குரோஷியாவின் இவோ கார்லோவிச், ஆறு அடி பத்து அங்குலத்துக்குக் குறையாத உயரம். சர்வீஸ் போட்டால் பந்து மாடியிலிருந்து விழுவதுபோல் வரும். சோம்தேவ் அசரவில்லை. அதற்கு முந்தைய சுற்றில் கார்லோஸ் மோயாவை வென்றிருந்தார், அன்று கார்லோவிச்சையும் வென்றார். இறுதிப் போட்டியில் மாரின் சிலிச்சிடம் தோற்றார் என்றாலும், அந்த வாரம் முழுக்கச் சென்னையில் அவர் பெயர்தான்.

திரும்பும் வழியில் நண்பரிடம் கேட்டேன், “இந்தப் பையன் இவ்வளவு நாள் எங்கே இருந்தான்?” “அமெரிக்காவில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான்” என்றார். எனக்கு ஆச்சரியம். நம் ஊரில் காலேஜுக்குப் போனால் விளையாட்டு போச்சு, விளையாடப் போனால் படிப்பு போச்சு. இரண்டும் ஒரே இடத்தில் எப்படி? அன்று படிக்க ஆரம்பித்தது, ஓய்வுபெற்ற பிறகு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரிகளுக்கு இடையேயான முதல் போட்டி 1883இல் நடந்தது. ஹார்வர்டு மாணவர் ஜோசப் கிளார்க் வென்றார். விம்பிள்டன் தொடங்கி ஆறே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பல காலம் இது தனிநபர் ஆட்டமாகவே இருந்தது. 1977 முதல்தான் தேசியப் பட்டத்துக்கு அணியும் அணியும் நேருக்கு நேர் மோதும் முறை வந்தது. ஒரு மோதலில் ஆறு ஒற்றையர் ஆட்டம், மூன்று இரட்டையர் ஆட்டம். ஒவ்வொரு ஒற்றையருக்கும் ஒரு புள்ளி. இரட்டையர் மூன்றில் இரண்டை வெல்கிற அணிக்கு மொத்தமாக ஒரே புள்ளி. ஆக மொத்தம் ஏழு. முதலில் நான்கு எடுக்கிற அணிக்கு வெற்றி.

இதில் என்ன விசேஷம் என்றால், ஆறாவது இடத்தில் ஆடுகிற பையனின் புள்ளிக்கும் முதலிடத்து நட்சத்திரத்தின் புள்ளிக்கும் ஒரே மதிப்பு. ஆறு கோர்ட்டிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். நட்சத்திரம் ஜெயித்துவிட்டு வந்து வேலிக்கு வெளியே நின்று ஆறாவது பையனுக்குக் குரல் கொடுப்பான். டென்னிஸ் தனி ஆள் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

செலவுக் கணக்கையும் சொல்லாவிட்டால் நான் பி.காம். படித்ததற்கு அர்த்தம் இல்லை. அண்மைக்காலம் வரை ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு மொத்தமே நான்கரை உதவித்தொகைதான் தரலாம் என்று அங்கே விதி. நாற்பத்தைந்து இல்லை, நான்கரை. அதை எட்டுப் பத்துப் பேருக்குப் பங்கு போட வேண்டும். ஒருவனுக்கு முக்கால், இன்னொருவனுக்குக் கால், வேறொருவனுக்கு ஒன்றும் இல்லை. நம் வீட்டில் ஒரு சம்பளத்தில் நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்த கதை மாதிரிதான். பயிற்சியாளர் வேலையில் பாதி இந்தக் கணக்குதான்.

இப்போது வர்ஜீனியாவுக்கு வருகிறேன். 1819இல் தாமஸ் ஜெபர்சன் நிறுவிய பல்கலைக்கழகம் அது. அழகான இடம். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக 1987இல் அறிவித்தது. ஆனால் டென்னிஸில் அதற்குப் பெரிய பெயர் கிடையாது. பட்டம் எல்லாம் மேற்குக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு, யு.சி.எல்.ஏ., தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கே போகும். ஸ்டான்ஃபோர்டில் டிக் கோல்ட் என்ற ஒரே பயிற்சியாளர் 1973க்கும் 2000க்கும் இடையில் 17 தேசியப் பட்டங்களை வாங்கிக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மெக்கன்ரோ அங்கே ஒரு வருடம் படித்தவர்தான்.

2001இல் பிரையன் போலண்ட் என்பவர் வர்ஜீனியாவுக்குப் பயிற்சியாளராக வந்தார். ஊர் ஊராகப் போய் ஆட்களைத் தேடினார். உள்ளூர் என்றும் பார்க்கவில்லை, வெளியூர் என்றும் பார்க்கவில்லை. அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர்தான் நம் சோம்தேவ். பெரிய உடம்பு இல்லை, வேகமான சர்வீஸ் இல்லை. ஓடுவார், ஓடிக்கொண்டே இருப்பார். எதிராளி அடிக்கும் பந்தை இன்னும் ஒரு முறை திருப்பி அனுப்பிவிடுவார்.

2006இல் தேசிய ஒற்றையர் இறுதிக்கு வந்து தோற்றார். 2007இல் மறுபடியும் இறுதி. எதிரே ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜான் இஸ்னர், இவரும் ஆறு அடி பத்து அங்குலம். ஆட்டம் நடந்தது இஸ்னரின் சொந்த ஊர்க் களத்தில், ஏதன்ஸ் நகரில். கூட்டம் முழுக்க அவர் பக்கம். 7-6, 4-6, 7-6 என்று சோம்தேவ் வென்றார். மூன்று வருடம் கழித்து விம்பிள்டனில் பதினோரு மணி நேரம் ஆடி, கடைசி செட்டை 70-68 என்று முடித்தாரே, அதே இஸ்னர்தான். அவரை அவர் வீட்டுத் திண்ணையிலேயே வைத்து வென்றது நம்ம ஊர்ப் பையன். 2008இல் மறுபடியும் பட்டம். அந்த ஆண்டு 44 ஆட்டங்களில் வெற்றி, ஒன்றே ஒன்றில் தோல்வி. சமூகவியல் பட்டமும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம். இரட்டையரில் கூட ஆடிய சனம் சிங்கும் அதே வர்ஜீனியாவில் படித்தவர்.

ஆனால் அணிப் பட்டம்? அதுதான் வரவில்லை. 2008 முதல் 2011 வரை நான்கு வருடம் தொடர்ச்சியாக உள்ளரங்கப் பட்டத்தை வென்றார்கள். மே மாதம் திறந்தவெளியில் நடக்கும் பெரிய பட்டம் மட்டும் நழுவிக்கொண்டே போனது. 2011 இறுதியில் தெற்கு கலிபோர்னியாவிடம் 4-3 என்று தோல்வி. 2012 இறுதியில் மறுபடியும் அதே அணியிடம் தோல்வி. இதையெல்லாம் படிக்கும்போது எனக்குப் பதவி உயர்வுத் தேர்வு ஞாபகம் வரும். மூன்று முறை எழுதி, மூன்று முறையும் கொஞ்சத்தில் போனவன் நான். கொஞ்சத்தில் போவதில் இருக்கிற வலி, அடியோடு போவதில் இல்லை.

2013 மே. இல்லினாய் மாநிலத்தின் அர்பானா நகரில் மறுபடியும் இறுதிப் போட்டி. எதிரணி யு.சி.எல்.ஏ. மூன்றுக்கு மூன்று சமம். ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. வர்ஜீனியாவின் மிட்செல் ஃபிராங்க், யு.சி.எல்.ஏ.வின் ஆட்ரியன் புஜே. மூன்றாவது செட்டில் புஜே 5-3 என்று முன்னிலை. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் யு.சி.எல்.ஏ.வுக்கு. புஜே வலையருகே வந்து பந்தை அடித்துவிட்டார், ஃபிராங்க்கால் எடுக்க முடியவில்லை. முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே புஜே வலையைத் தொட்டுவிட்டார் என்று நடுவர் சொன்னார். டென்னிஸில் வலையைத் தொட்டால் புள்ளி எதிராளிக்கு. அங்கிருந்து ஃபிராங்க் எழுந்து வந்து 7-5 என்று முடித்தார். வர்ஜீனியாவுக்கு முதல் தேசியப் பட்டம். அந்த ஆண்டு 30 மோதல்கள், முப்பதிலும் வெற்றி.

அதற்குப் பிறகு கதவு திறந்துகொண்டது. 2015, 2016, 2017 என்று வரிசையாக மூன்று பட்டம். போலண்ட் விடைபெற்றார். அவரிடம் உதவியாளராக இருந்த ஆந்த்ரேஸ் பெத்ரோசோ பொறுப்பேற்று 2022, 2023 இரண்டிலும் வென்றார். பெண்கள் பக்கத்திலும் டேனியல் காலின்ஸ் 2014, 2016 ஆண்டுகளில் ஒற்றையர் பட்டம் வென்றார். பிறகு ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி வரை போனார். 2021இல் எம்மா நவாரோ வென்றார்.

பட்டம், கோப்பை எல்லாம் ஆயிற்று. இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் லெட்ஜரில் வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுந்துபோகிற பழக்கம் எனக்கு இல்லை. பற்றுப் பக்கமும் இருக்கிறது.

சார்லட்ஸ்வில்லில் இருந்து சுமார் 110 கிலோமீட்டரில், நாம் இங்கிருந்து திண்டிவனம் போகிற தூரத்தில், ரிச்மண்ட் என்ற நகரம். அந்த மாநிலத்தின் தலைநகர். அங்கே ‘புரூக் ஃபீல்டு’ என்று ஒரு பூங்கா இருந்தது. கறுப்பின மக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பூங்கா. அதன் காவலுக்கும் பராமரிப்புக்கும் ஒருவர் இருந்தார். பூங்காவுக்குள்ளேயே ஒரு சின்ன வீடு. வாட்ச்மேன் என்று நாம் சொல்வோமே, அந்த மாதிரி வேலை. வீட்டு வாசலில் இறங்கினால் டென்னிஸ் கோர்ட். அவருடைய மகன் ஆறு வயதில் தாயை இழந்தவன், ஒல்லிப் பையன். அங்கே ஆட வந்த ஒரு கல்லூரி மாணவர் அவனுக்கு மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பையன்தான் ஆர்தர் ஆஷ்.

அந்த மாநிலத்தில் அன்று வெள்ளையர் கோர்ட் வேறு, கறுப்பர் கோர்ட் வேறு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலேயே முதல் கறுப்பின மாணவர் 1950இல் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் சட்டப் பள்ளியில் சேர முடிந்தது.

அந்தக் காலத்தில் லிஞ்ச்பர்க் என்ற பக்கத்து ஊரில் டாக்டர் ராபர்ட் வால்ட்டர் ஜான்சன் என்று ஒரு கறுப்பின மருத்துவர் இருந்தார். அகில அமெரிக்கப் பள்ளி மாணவர் டென்னிஸ் போட்டி அப்போது சார்லட்ஸ்வில்லில், இதே பல்கலைக்கழகக் களத்தில் நடந்துவந்தது. அதைப் பார்த்த மருத்துவர், நம் பிள்ளைகளும் இதில் ஆட வேண்டும் என்று முடிவு செய்தார். நேரே போய்ப் போட்டி அமைப்பாளரிடம் கேட்டார். அனுமதி கிடைத்தது. 1951இல் இரண்டு கறுப்பினச் சிறுவர்கள் ஆடினார்கள், முதல் சுற்றிலேயே படுதோல்வி. அவர் விடவில்லை. தன் வீட்டுக் கொல்லையில் கோர்ட் போட்டு, கோடைதோறும் பிள்ளைகளை வரவழைத்து, சோறும் போட்டுப் பயிற்சி கொடுத்தார்.

அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. பந்து கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே விழுந்தாலும் உள்ளே விழுந்ததாக எடுத்துக்கொண்டு ஆடு. வாதாடாதே. கறுப்பின மக்களைக் களத்தை விட்டு அனுப்ப ஒரு சாக்கு கிடைக்காதா என்று காத்திருப்பவர்களுக்கு அந்தச் சாக்கைக் கொடுத்துவிடக் கூடாது. நினைத்துப் பாருங்கள், பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் பாடம்.

அந்தக் கொல்லையில் பயின்றவன்தான் ஆஷ். ரிச்மண்டில் குளிர்காலத்தில் ஆட உள்ளரங்கக் கோர்ட் அவனுக்குத் திறக்கவில்லை. பள்ளிக் கடைசி வருடம் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனான். 1961இல் சார்லட்ஸ்வில்லுக்கு வந்து, அந்தப் பள்ளி மாணவர் போட்டியை ஒரு செட்டும் இழக்காமல் வென்றான். இரண்டு பையன்கள் தோற்றுப் போன இடத்தில், பத்து வருடம் கழித்து.

ஆனால் அவன் படிக்கப் போனது அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இல்லை. நாட்டின் மறு கரைக்கு, யு.சி.எல்.ஏ.வுக்குப் போனான். 1965இல் அவர்களுக்கு ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்று பட்டமும் கிடைத்தது. வணிக நிர்வாகத்தில் பட்டமும் வாங்கினார். நம்ம துறைக்காரர்! 1968இல் அமெரிக்க ஓப்பன், 1975இல் விம்பிள்டன். விம்பிள்டன் ஒற்றையரில் வென்ற முதல் கறுப்பின ஆண் அவர். இன்று நியூயார்க்கில் அமெரிக்க ஓப்பன் நடக்கும் பெரிய அரங்கத்துக்கு அவர் பெயர்தான்.

இதுதான் பற்றுக் கணக்கு. பக்கத்து ஊரில், 110 கிலோமீட்டரில், உலகத் தரத்தில் ஒரு பையன் இருந்தான். மாநிலம் அவனை வைத்துக்கொள்ளவில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகம் முதல் அணிப் பட்டத்துக்கு 2013 வரை காத்திருந்தது. அந்த 2013இல் தேசிய இரட்டையர் பட்டம் வென்று, ஒற்றையரில் இரண்டாமிடம் பெற்றவர் அதே அணியின் கறுப்பின மாணவர் ஜார்மியர் ஜென்கின்ஸ். முன்பு யாரை வேலிக்கு வெளியே நிறுத்தினார்களோ, அவர்களையும் சென்னைப் பையன், சண்டிகர்ப் பையன் என்று கடல் தாண்டி வந்தவர்களையும் சேர்த்துக்கொண்ட பிறகுதான் அந்த அணி அணியாக ஆனது. இது என் முடிவு. நீங்கள் மாறுபடலாம்.

இனி நம் நகருக்கு வருகிறேன்.

மார்ச் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வர இருக்கிறது. சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் உள்ள சிமெண்ட் கோர்ட்டை எடுத்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்குவது. அந்தத் தீர்மானம் கொண்டுவந்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. போன வருடம் மூன்றாவது தெருவுக்கு வந்த ஆம்புலன்ஸ், இரு பக்கமும் நின்ற கார்களால் உள்ளே நுழைய முடியாமல் நின்றது. உள்ளே இருந்தவர் நம் வீட்டுப் பெரியவர். அந்தக் கஷ்டம் உண்மை. கோர்ட்டிலும் இப்போது யாரும் பெரிதாக ஆடுவதில்லை. காலையில் நான்கு பேர் ஷட்டில். மாலையில் காலி.

ஏன் காலி? அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் முதல் ஆள் நான்.

2009 ஏப்ரல். நான் அப்போது பொருளாளர். நம் வாட்ச்மேனின் மகன், பத்துப் பதினோரு வயது இருக்கும், பெரியவர்கள் ஆடும்போது பந்து பொறுக்கிக் கொடுப்பான். அவர்கள் போன பிறகு, உடைந்த மட்டை ஒன்றை வைத்துக்கொண்டு கூடத்தின் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருப்பான். தட், தட் என்று சத்தம். அவனைப் பார்த்து இஸ்திரி வண்டிக்காரரின் பெண்ணும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். சுவரில் கறை படிகிறது என்று ஒருவர் புகார் கொடுத்தார். பொது இடம், நாளைக்கு யார் வேண்டுமானாலும் வருவார்கள் என்று இன்னொருவர். நான் உடனே ஒரு போர்டு எழுத ஏற்பாடு செய்தேன். ‘குடியிருப்போர் மட்டும்’. பெயின்டருக்குக் கொடுத்த கூலி வவுச்சரில் என் கையெழுத்துதான் இருக்கிறது. கேட்டுக்குப் பூட்டும் போட்டேன். பையனைக் கூப்பிட்டு, “இனிமே இங்க வரக்கூடாது தம்பி” என்றும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மட்டையைக் கீழே வைக்கலாமா, எடுத்துக்கொண்டு போகலாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.

அதே வருடம் ஜனவரியில்தான் நான் நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன். மூன்று மாத இடைவெளி. எனக்கு அன்று இரண்டுக்கும் சம்பந்தம் தெரியவில்லை. ஆஷின் தந்தை என்ன வேலை பார்த்தார் என்று பல வருடம் கழித்துப் படித்தபோதுதான் என் கையெழுத்துப் போட்ட அந்த வவுச்சர் ஞாபகத்துக்கு வந்தது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

அந்தப் பையன் பெரிய வீரனாக வந்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் வந்திருக்க மாட்டான். நம் பிள்ளைகளும்தான் வரவில்லை. வீரனாக வருபவன் மட்டும்தான் ஆடலாம் என்றால் காலையில் ஷட்டில் ஆடும் நம் நான்கு பேரையும் முதலில் வெளியே அனுப்ப வேண்டும். ஒரு பிள்ளை சாயந்தரம் ஒரு மணி நேரம் பந்தடிக்க ஒரு சுவர் கேட்டது, நாம் இல்லை என்றோம். விஷயம் அவ்வளவுதான்.

போர்டு போட்ட பிறகு நம் பிள்ளைகளாவது வந்து நிறைத்தார்களா? இல்லை. டியூஷன், அப்புறம் செல்போன். ஆடத் துணை இல்லாமல் அவர்களும் போய்விட்டார்கள். ஆறு கோர்ட் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுக்க ஆள் இல்லை என்றால் உள்ளே ஆடுபவனுக்கும் ஆசை போய்விடும்.

குறை சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வது முறை இல்லை. அதனால் மூன்று யோசனைகள்.

ஒன்று, கார் பிரச்சினை. மூன்று கிரவுண்டு என்பது சரியாக ஒரு டென்னிஸ் கோர்ட்டும் அதைச் சுற்றி ஓட வேண்டிய இடமும் அடங்கும் அளவு. 120 அடிக்கு 60 அடி. ஒரு மூலையை வெட்டினாலும் அது கோர்ட் ஆகாது. அதற்குப் பதில், தெருவில் ஒரு பக்கம் மட்டும் கார் நிறுத்துவது, மாதா மாதம் பக்கம் மாற்றுவது, காலி மனை வைத்திருக்கும் உறுப்பினர்களிடம் வாடகைக்கு இடம் கேட்பது. இருவரிடம் நானே பேசிவிட்டேன், யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வர வழி வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை.

இரண்டு, நேரம். காலை ஆறு முதல் எட்டு வரை பெரியவர்களுக்கு. மாலை நாலரை முதல் ஆறரை வரை பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் என்றால் இந்த நகரில் குடியிருக்கும் பிள்ளைகளும், இந்த நகரில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளும். வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, இஸ்திரிக்காரர், தூய்மைப் பணியாளர், எல்லோர் பிள்ளைகளும். நோட்டில் பெயர் எழுதிவிட்டு ஆடட்டும். பழைய மட்டை வீட்டில் கிடந்தால் கொடுங்கள்.

மூன்று, பொறுப்பு. பிள்ளைகள் சண்டை போட்டால் யார் பார்ப்பது, கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். சாவி என்னிடம் இருக்கட்டும். தினமும் மாலை இரண்டு மணி நேரம் நாற்காலி போட்டு நான் உட்காருகிறேன். எனக்கு வேறு வேலை இல்லை. நோட்டுப் பராமரிப்பதில் எனக்கு முப்பத்தாறு வருட அனுபவம் உண்டு. உடைந்த கண்ணாடிக்கு முதல் வருடம் என் பென்ஷனிலிருந்து கொடுக்கிறேன். வீட்டுக்காரி சம்மதம் வாங்கிவிட்டுத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. போன தீபாவளிக்கு முன்பு கொரியர் கொடுக்க ஒரு இளைஞர் வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கும்போது, “சார், என்னைத் தெரியுதா?” என்றார். தெரியவில்லை. வாட்ச்மேனின் மகன் என்றார். அப்பா ஊரோடு போய்விட்டாராம். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். பேசிவிட்டு வண்டியை எடுக்கும்போது கூடத்துப் பக்கம் பார்த்துக் கேட்டார், “அந்த கோர்ட் இன்னும் இருக்கா சார்?”

“இருக்கு” என்றேன். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அடுத்த வீட்டுக்குப் பார்சல் இருந்தது, அவர் போய்விட்டார்.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிட்டேன். மார்ச் மாதம் கை தூக்கும்போது எந்தப் பக்கம் தூக்குவது என்பது உங்கள் இஷ்டம். எந்தப் பக்கம் முடிவானாலும் நான் சந்தா கட்டுவேன், கூட்டத்துக்கு வருவேன். ஆனால் அதற்கு முன்பு ஒரு நாள் சாயந்தரம் அந்தப் பக்கம் நடந்து போய்ப் பாருங்கள். சுவரில் பந்து பட்ட கறைகள் இன்னும் இருக்கின்றன. இரண்டு முறை வெள்ளை அடித்தும் போகவில்லை. போர்டு மட்டும் இருக்காது. நேற்றே செயலாளரிடம் சொல்லிவிட்டுக் கழற்றி எடுத்துவிட்டேன். அதைப் போட்டவன் நான் என்பதால் அந்த உரிமையை எடுத்துக்கொண்டேன், தவறென்றால் பொதுக்குழுவில் கேளுங்கள்.